குருசடைத் தீவு: படகு ஒன்றே வழி

வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் என்று திருயாத்திரை செல்வது நம் வட சென்னைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். ஓரியூரில் புனித அருளானந்தர் 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் நாள் இரத்தம் சிந்திய செம்மண்ணைத் தொட்டு வணங்கிய பின், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பாம்பன் பாலத்தையும் பார்த்துவிட்டுப் போவோம்" என்று வண்டியைத் திருப்புவோரும் நம்மில் உண்டு. பாலத்தின் மேல் செல்லும்போது எல்லோருடைய கண்ணும் பாலத்தின் மீதே இருக்கிறது. தென்புறக் கடலில், தண்ணீருக்கு மேல் மெல்லிய பச்சைக் கோடு போல் கிடக்கும் நிலத்துண்டுகளைக் கவனிப்போர் மிகச் சிலரே. அவற்றுள் ஒன்றின் பெயர் குருசடை.

அந்தத் தீவுக்குப் பாலம் இல்லை, சாலை இல்லை, குடியிருக்கும் மனிதரும் இல்லை. படகு ஒன்றே வழி. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாகிய அத்தீவின் வரலாறு, நம் விசுவாச முன்னோரின் வரலாற்றோடு கலந்து கிடக்கிறது. கொடுங்கையூரில் வாழும் நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. ஆகவேதான் இந்த ஜூபிலி மலரில் அதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பெயரும் இடமும்

"குருசு" என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியின் "குரூஸ்" என்பதிலிருந்து நமக்கு வந்தது. சிலுவை நாட்டிய சிற்றாலயத்தைத் தென் கடற்கரைக் கத்தோலிக்கர் இன்றும் "குருசடி" என்றே சொல்வர். தூத்துக்குடி, குமரி மாவட்டக் கரைகளிலிருந்து துறைமுக வேலைக்கும் மீன்பிடி தொழிலுக்கும் வந்து இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை. குருசடைத் தீவு என்று கேட்டவுடன் அவர்கள் நெஞ்சில் எழுவது குருசடியே.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கரையோரமாக 21 தீவுகள் மாலை கோத்தாற்போல் கிடந்தன. தூத்துக்குடி அருகே வான், காசுவார், விலங்குசல்லி, காரைச்சல்லி. வேம்பார் அருகே உப்புத்தண்ணி, நல்லதண்ணி, புலுவினிச்சல்லி. கீழக்கரைப் பக்கம் ஆனைப்பார், அப்பா, வாழை, முள்ளி முதலிய ஏழு. மண்டபம் பக்கம் முசல், மணலி, மணலிப்புட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கில் என ஏழு. "கிடந்தன" என்று இறந்த காலத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

இவற்றுள் பெரியது முசல் தீவு, சுமார் 129 ஹெக்டேர். குருசடை 65.8 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 160 ஏக்கர். எல்லாமே பவளப் பாறையின் மேல் அலைகள் கொண்டுவந்து குவித்த மணலால் ஆனவை. மேட்டு நிலமோ குன்றோ இல்லை. கரையோரம் சதுப்புநிலக் கண்டல் மரங்கள், உள்ளே புதர்கள், சுற்றிலும் தெளிந்த ஆழமற்ற நீர். அந்த நீருக்கடியில்தான் உண்மையான பூங்கா இருக்கிறது.

நிலத்தில் பூங்கா என்றால் நாம் செடி கொடிகளை எண்ணுவோம். இங்கே பூப்போல் தோன்றுபவை உயிருள்ள பவளங்கள். குண்டூசித் தலை அளவேயான சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தம்மைச் சுற்றி வீடு கட்டிக் கொள்கின்றன. ஒரு தலைமுறை கட்டிய வீட்டின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இப்படி உயர்ந்ததே பவளப் பார். மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. பார்களுக்கு இடையே கடற்புல் மேய வரும் கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பர்.

மக்களுக்கு அடைக்கலம் தந்த தீவுகள்

இந்தக் கடலும் இதன் பாறைகளும் தீவுகளும் ஒரு காலத்தில் நம் முன்னோருக்கு அடைக்கலமாய் நின்றன. நாம் மறக்கக் கூடாத மூன்று நிகழ்ச்சிகளை இங்கே சொல்ல வேண்டும். அவை மூன்றும் குருசடையிலேயே நடந்தவை அல்ல; ஆனால் ஒரே கடற்கரையின் நிகழ்ச்சிகள்.

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542-ம் ஆண்டு புனித சவேரியார் அவர்களிடையே வந்தார். 1544-ம் ஆண்டு ஜூன் மாதம் குமரி முனைப் பகுதியில் வடுகப் படையினர் புகுந்து ஊர்களைச் சூறையாடினர். மக்கள் உயிர் பிழைக்கக் கடலில் உள்ள பாறைகளுக்கு ஓடிப் போயினர். வெயிலிலும் பசியிலும் தாகத்திலும் அங்கே பலர் மடிந்து கொண்டிருந்தனர். மணப்பாட்டில் இருந்த சவேரியார் செய்தி அறிந்து, 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஆனால் அது கச்சான் காற்றின் காலம். எதிர்க்காற்றில் எட்டு நாட்கள் கடலில் போராடியும் தோணிகள் குமரி முனையை அடைய முடியவில்லை. கடைசியில் கரை திரும்பி, கால்நடையாகவே அம்மக்களைத் தேடிச் சென்றார் புனிதர். "படகு ஒன்றே வழி" என்பதன் பொருள் என்னவென்று அவருக்குத் தெரியும். காற்று ஒத்துக்கொண்டால்தான் வழி. இல்லையேல் புனிதரானாலும் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி குருசடைக்கு மிக அருகில், மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549-ம் ஆண்டு நடந்தது. இத்தாலி நாட்டினரான சேசு சபைக் குருவானவர் அந்தோனியோ கிரிமினாலி அப்போது இக்கரை மக்களுக்குப் பொறுப்பாக இருந்தார். படையினர் ஊருக்குள் புகுந்தபோது, பெண்களையும் குழந்தைகளையும் கடலில் நின்ற படகுகளில் ஏற்றி அனுப்புவதிலேயே அவர் முனைந்திருந்தார். தாமும் ஏறிவிடலாம் என்று மற்றவர்கள் அழைத்தும், தம் மக்கள் கரையில் இருக்கையில் ஏற மறுத்து, அங்கேயே ஈட்டியால் குத்துண்டு உயிர் நீத்தார். சேசு சபையின் முதல் வேதசாட்சி என்று வரலாறு அவரைக் கூறுகிறது. வேதாளைக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் எதிரே தெரிபவை இன்றைய தேசியப் பூங்காவின் தீவுகளே.

மூன்றாவது நிகழ்ச்சி தூத்துக்குடியில், 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மதுரை நாயக்கரின் அதிகாரிகளோடு ஏற்பட்ட பூசலில் கோவிலும் குருக்களின் இல்லமும் தீக்கிரையாயின. ஊர் மக்கள் தங்கள் உடைமைகளைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு எதிரே இருந்த தீவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர்.

படையின் குதிரைகள் தாண்ட முடியாத நீர்ப்பரப்பு அன்று மக்களைக் காத்தது. தீவு மக்களைக் காத்த காலம் அது. மக்கள் தீவைக் காக்க வேண்டிய காலம் ஒன்று வரும் என்று அன்று யார் எண்ணியிருப்பார்?

முத்துச் சலாபம் கற்பித்த பொறுமை

இந்தக் கடலின் பெருமை முத்து. சங்க காலக் கொற்கை முதல் முத்துக்கு இக்கரை பேர் போனது. முத்துச் சிப்பி தங்கும் கடலடிப் பாறைத் திட்டையும் "பார்" என்றே சொல்வர். முத்துக் குளிப்பவர் காலில் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார். தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். மைத்துனனைத்தான் கயிறு பிடிக்க நிறுத்துவார்கள், ஏனெனில் தன் உடன்பிறந்தாளின் தாலி அவன் கையில் இருக்கிறது என்ற நினைவு அவனுக்கு இருக்கும் என்று கடற்கரையில் சொல்வதுண்டு.

சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் "கடல்கட்டி" என்பாரும் அன்று சலாபத்துக்கு வருவர். அவர் கரையில் அமர்ந்திருந்தால்தான் குளியாளிகள் இறங்குவார்கள். செபமாலையும் அணிந்து, கடல்கட்டியையும் நம்பிய அந்த மனிதர்களைப் பார்த்து நாம் நகைக்க வேண்டியதில்லை. அவர்கள் இறங்கியது அத்தகைய ஆழம்.

முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெறவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பார்களைச் சோதித்து, சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்கு உத்தரவு கிடைக்கும். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு சலாபம் இல்லை. சில வேளை பல ஆண்டுகள் தொடர்ந்து இல்லை. எடுப்பதைவிடப் பொறுத்திருப்பதே முத்துக் குளிப்பின் பெரும் பகுதி. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டில். அதன்பின் பார்கள் முன்போல் நிறையவில்லை.

அறிஞர்கள் தேடி வந்த தீவு

கடல் உயிர்களை ஆராய்ந்தவர்கள் இக்கரைக்கு வந்ததற்கும் முத்தே முதற் காரணம். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்னைப் பாமர மக்கள் "செத்த காலேஜு" என்பார்கள் அல்லவா? அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி 1890-ல் நூல் வெளியிட்டார். அதே அருங்காட்சியகத்தைப் பின்னர் நடத்திய கிரேவ்லி, குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டுமே தனித் தொகுதி ஒன்றை 1927-ல் வெளியிட்டார். 160 ஏக்கர் மண்ணுக்கு ஒரு தனிப் புத்தகம்! அந்நாளைய சென்னை மாகாண மீன்துறை இத்தீவில் கடலுயிர் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி, முத்துச் சிப்பி வளர்ப்பையும் சோதித்துப் பார்த்தது.

"உயிரியலாரின் சொர்க்கம்" என்று குருசடை பேர் பெற்றது. அதற்கு ஒரு புழுவும் காரணம். கல்லூரியில் விலங்கியல் படித்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். "பலனோகிளாசஸ்" என்று சொல்வார்கள். மணலில் புதைந்து வாழும் இப்புழு, முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் இடையே உள்ள உறவை அறிய உதவுவது. இதைக் காணவே சென்னைக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டபத்துக்கு இரயிலேறினர். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் 1949 முதல் மண்டபம் முகாமில்தான் தலைமையிடம் கொண்டிருந்தது. 1971-ல்தான் அது கொச்சிக்கு மாறியது.

வெட்டி எடுக்கப்பட்ட வேலி

இனிச் சொல்லப் போவது வருத்தமான பகுதி. பவளப் பாறை சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் சூளைக்கும் ஆலைக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய பொருள். 1964-ம் ஆண்டு டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் நம் கோவிலின் இடிந்த சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அது மலைக்கல் அல்ல, பவளப் பாறை. முற்காலத்தில் இக்கரையில் வீடு கட்டினாலும், கோவில் கட்டினாலும், பள்ளிவாசல் கட்டினாலும் கைக்குக் கிடைத்த கல் அதுவே. கையால் எடுத்த அளவுக்குக் கடலும் தாங்கிக்கொண்டது.

ஆலைகள் பெருகிய பின் நிலைமை மாறியது. 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவளப் பாறைகள் கடப்பாறையால் பெயர்க்கப்பட்டு, படகு படகாகக் கரைக்கு வந்து, லாரிகளில் ஏறிப் போயின. தினக்கூலிக்கு அவ்வேலையைச் செய்தவர்களும் ஏழைக் கடற்கரை மக்களே. அந்தக் கூலியில்தான் அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆகவே அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

விளைவு என்ன? தீவு என்பது மணல். அலையின் வேகத்தைத் தடுத்து நிறுத்திய வேலி பவளப் பார். வேலியை எடுத்தால் அலை நேரே வந்து மணலை அரிக்கும். அப்படித்தான் ஆயிற்று. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் நீருக்குள் மறைந்தன. 21 தீவுகளில் இரண்டு இன்று வரைபடத்தில் பெயராக மட்டும் உள்ளன. வான் தீவு தன் நிலத்தின் பெரும் பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. 2015 முதல் அதைச் சுற்றிக் கடலடியில் சிமெண்டுக் கட்டிகளை இறக்கிச் செயற்கைப் பார் அமைத்து, இருப்பதையாவது நிறுத்தி வைக்க முயன்று வருகிறார்கள். கடவுள் கூலி வாங்காமல் கட்டித் தந்த வேலியை எடுத்துவிட்டு, நாம் பணம் செலவிட்டுச் சிமெண்டு வேலி போடுகிறோம்.

அரசு 1986-ம் ஆண்டு 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் மன்னார் வளைகுடா முழுவதும், 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக, சேர்க்கப்பட்டன. அதன்பின்னரே பாறை எடுப்பு நின்றது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் நாளை வட சென்னையில் யாரும் மறக்க முடியாது. கிறிஸ்மஸ் மறுநாள் காலை, நம் கடற்கரைக் குப்பங்களில் எத்தனை வீட்டில் ஒப்பாரி எழுந்தது! அதே நாளில் இராமநாதபுரம் கரை பெருஞ்சேதமின்றித் தப்பியது. இலங்கை பெரிய மறைப்பாக நின்றது முதற் காரணம். வளைந்து வந்த அலையின் வேகத்தைத் தீவுகளும் பார்களும் தணித்தன என்பதும் உண்டு. 460 ஆண்டுகளுக்கு முன் அடைக்கலம் தந்த அந்தக் கடல், வெட்டுண்ட பின்னும் தன்னால் இயன்றதைச் செய்தது.

எனினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன; பல மடிந்தன. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுக் கடற்பாசி ஒன்று குருசடைப் பவளங்களின் மேலேயே படர்ந்து மூடியதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினர். கடலில் கைவிடப்பட்ட வலைகளும் பிளாஸ்டிக்கும் தனி.

விட்டுக்கொடுத்தவர்கள் யார்?

ஒரு தீவைப் பூங்கா என்று அறிவிப்பதற்கு அரசிதழில் ஒரு பக்கம் போதும். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்?

எதிர்க்கரை மீனவர்களுக்கு அத்தீவுகள் வேற்றிடம் அல்ல. காற்று கடுமையானால் ஒதுங்கவும், வலை உலர்த்தவும், இளைப்பாறவும் பயன்பட்ட இடங்கள் அவை. பூங்கா அறிவிப்புக்குப் பின் அங்கே இறங்குவதும் மீன் பிடிப்பதும் குற்றமாயின. பாட்டன் காலத்திலிருந்து போய் வந்த இடத்தில் கால் வைத்தால் அபராதம் என்றபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி அந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழுந்தது.

ஆண்களைவிட அதிகம் பாதிக்கப்பட்டோர் கடற்பாசி எடுக்கும் பெண்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள், விடியலில் படகேறித் தீவுகளின் அருகே சென்று, புடவையின் மேல் ஆண்களின் சட்டையை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, கூரிய பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் வைத்திருக்கும் பெயர்களே அழகானவை. ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேரும் பொருள்கள் அந்தப் பாசியிலிருந்து கிடைப்பவை. முத்துக் குளித்த ஆண்களை உலகம் பாடியது; பாசிக்கு முங்கும் பெண்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தடை வந்தபோது அவர்கள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. சங்கமாகக் கூடினர். தங்கள் உரிமையைக் கேட்டனர். அதே வேளையில் தங்களுக்கும் கட்டுப்பாடு விதித்துக் கொண்டனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசிக்குப் போவது. இரும்புச் சுரண்டியை விடுத்துக் கையாலேயே பறிப்பது. உயிருள்ள பவளத்தின் மேல் கை வைக்காதிருப்பது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு, தீவுச் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு 2015-ம் ஆண்டு கிடைத்தது. இந்தியாவிலிருந்து அப்பரிசைப் பெற்ற முதல் நபர் அவரே.

சிப்பி முதிரும் வரை காத்திருந்த பழைய பொறுமையை இப்பெண்கள் மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறார்கள். கடல் சூழ்ந்திருப்பதால் மட்டும் ஒரு தீவு காக்கப்படுவதில்லை. படகிலேறிப் பவளத்தைப் பெயர்த்தபோது அந்தக் கடல் தடுக்கவில்லையே! எடுக்கக் கூடியதை எடுக்காமல் விடும் மனிதர்களால்தான் தீவு காக்கப்படுகிறது. குருசடை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

போய் வர விரும்புவோருக்கு

சென்னையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் இரயில் பாம்பன் கடலைக் கடந்தே போகும். 1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்து ஓய்ந்துவிட்டது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பேருந்தில் செல்வோர் 1988-ல் திறந்த சாலைப் பாலத்தைக் கடப்பர். பாம்பனில் இறங்கித் தெற்கே போனால் குந்துகால். சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி, கொழும்பு வழியாக 1897-ம் ஆண்டு ஜனவரி 26-ல் கரையேறிய இடம் அது. அண்மை ஆண்டுகளில் வனத்துறை, உள்ளூர் மக்களின் துணையோடு, அங்கிருந்து குருசடைக்குச் சுற்றுலாப் படகு நடத்துகிறது. அனுமதிச்சீட்டு இன்றி எவரும் தாமாகப் படகு பிடித்துப் போகலாகாது.

புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம். பாக் நீரிணைப் பக்கத்தை அவ்வூரார் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வர். குருசடை இருப்பது ஆண் கடலில். ஆனி, ஆடியில் கச்சான் பலமாக வீசினால் படகு விடமாட்டார்கள். நாள் குறித்துப் போனவர்கள் அதிகாரிகளோடு சண்டையிடுவதில் பயனில்லை. எட்டு நாள் போராடித் திரும்பிய சவேரியாரை நினைத்துக்கொண்டு இராமேஸ்வரத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

படகில் மிதவை அங்கியைக் கட்டாயம் அணிய வேண்டும். தீவில் கடையில்லை, குடிநீரை நாமே கொண்டு போக வேண்டும், கொண்டு போன பாட்டிலைத் திரும்பக் கொண்டு வரவும் வேண்டும். கரையில் கிடக்கும் ஒரு சிப்பியையோ பவளத் துண்டையோ ஞாபகார்த்தமாகப் பையில் போடுவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். பவளத்தின் மேல் கால் வைத்தால், அது பல ஆண்டுகளில் வளர்ந்த வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துபோகும். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றி நுழையும் நமக்கு அடக்கமாக நடப்பது புதிதல்லவே.

படகோட்டியிடமும் பாசி எடுக்கும் அம்மாக்களிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். தீவைப் பற்றி நான் எழுதியதைவிட அதிகம் அவர்களிடம் கிடைக்கும்.

கொடுங்கையூருக்கும் குருசடைக்கும்

"தெற்கே ஒரு தீவைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். கொடுங்கையூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே பட்டணத்தாருக்கு நினைவு வருவது குப்பை மேடு. நம் பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக நம் வாசலில் கொட்டப்பட்டது ஏன்? லாரி வர வழியிருந்தது. "வேண்டாம்" என்று சொல்வோரின் குரல் எட்டவேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. படகு மட்டுமே போகும் இடத்துக்கும், லாரி தாராளமாக வரும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம்மைவிட நன்றாக உணர்ந்தவர் யார்?

நம் தெருவின் கழிவு நீர் கொடுங்கையூர்க் கால்வாய் வழியே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அது எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. அங்கே நண்டும் இறாலும் பிடித்து வாழும் குடும்பங்கள் உள்ளன. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது, அம்மீனவர்கள் கறுத்த நீரில் நின்று வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாம் பார்த்தோம். அவர்களுடைய கழிமுகத்துக்கும் நம் வீட்டுச் சாக்கடைக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. மண்டபத்தார் எங்கோ எரிந்த சூளைக்குப் பவளம் கொடுத்து வேலியை இழந்தனர். நாம் கண்ணுக்குத் தெரியாத கால்வாயில் கழிவை விட்டு இன்னொருவர் வாழ்வை இழக்கச் செய்யலாகாது.

பிளாஸ்டிக் பையைக் கால்வாயில் எறியாமலிருப்பது சிறிய காரியந்தான். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பதும் சிறிய காரியமாகவே தோன்றும், அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை நினைக்காதவர்களுக்கு. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் பொருளைச் சின்னப்பாலத்துப் பெண்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ஓரியூர் யாத்திரைக்குத் திட்டமிடும் அன்பியத்தாரும் இளைஞர் சங்கத்தாரும் ஒரு நாளைக் கூட்டி, காற்று ஒத்துழைத்தால் குருசடைக்கும் போய் வருவார்களாக. வேதாளைக் கரையில் நின்று, படகில் இடமிருந்தும் ஏறாத அந்தக் குருவானவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வார்களாக. திரும்பி வந்த பிறகு, நம் கால்வாய் ஓரத்தில் அந்தத் தீவை நினைத்துப் பார்ப்பார்களாக.